கெர்னிக், புருட்சின்ஸ்கி அறிகுறிகள்

மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியுள்ள சவ்வு அழற்சியுறும் மூளைக்காய்ச்சலில் காணப்படும் உடற்குறிகள். புண்பட்ட சவ்வும் நரம்பு வேர்களும் இழுபடாதிருக்கத் தசைகள் இறுகிக்கொள்கின்றன என்பது வழக்கமான விளக்கம். இது அனிச்சைச் செயலா, வலிக்கு அஞ்சிய இறுக்கமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

1805-இல் ஜெனீவாவில் பரவிய மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயை மருத்துவர் வியூசோ பதிவுசெய்தார். அதன்பின் அது தனிநோயாக அறியப்படலாயிற்று.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஒபுகோவ் மருத்துவமனையில் பணியாற்றிய விளாதிமிர் கெர்னிக் (1840–1917) 1882-இல் தம் அவதானிப்பை எடுத்துரைத்து, 1884-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். மல்லாந்து கிடக்கும் நோயாளியின் காலை நீட்டினால் தடையில்லை. அவரையே எழுப்பி, கால்களைத் தொங்கவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்தால் கழுத்தும் முதுகும் மேலும் விறைக்கும். முழங்காலை நீட்ட முயன்றால் ஏறத்தாழ 135 பாகையோடு நின்றுவிடும். கடுமையான நோயில் 90 பாகையைக்கூடத் தாண்டாது. படுத்தால் மறைந்து, உட்கார்ந்தால் தோன்றும் இந்த மாற்றத்தைக் கண்டுகொண்டதுதான் கெர்னிக்கின் கூர்மை. கால்நரம்பு வலிக்கான லசேக் சோதனையும் இதுவும் அடிப்படையில் ஒன்றே என்பார் உளர். வலியைத் தேடும் சோதனை வேறு, விறைப்பைத் தேடுவது வேறு என்பது மறுதரப்பு.

போலந்துக் குழந்தை மருத்துவர் யூசெஃப் புருட்சின்ஸ்கி (1874–1917) 1909-இல் கழுத்துக் குறியை விவரித்தார். படுத்திருக்கும் குழந்தையின் தலையை மார்பு நோக்கித் தூக்கினால், யாரும் தொடாமலே முழங்கால்கள் மடங்கி மேலெழும். அவர் ஆராய்ந்த 42 நோயாளிகளில் இது 97 சதவீதத்தினரிடமும், கெர்னிக் குறி 57 சதவீதத்தினரிடமும் தென்பட்டன. ஒரு காலை மடக்கினால் மறுகாலும் மடங்குவது அவர் சொன்ன இன்னொரு குறி. கன்ன எலும்புக்குக் கீழே அழுத்தினால் குழந்தையின் முழங்கைகள் மடங்கிக் கைகள் வெடுக்கென உயரும் என்பது மற்றொன்று. இன்று அதைச் சோதிப்போர் அரிது. புருட்சின்ஸ்கி 1915-இல் வார்சா பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

1891-இல் மருத்துவர் குவின்கே அறிமுகப்படுத்திய முதுகுத்தண்டு நீர் எடுக்கும் முறையே பின்னர் நோயை உறுதிசெய்யும் வழியாயிற்று. 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று மூளைக்காய்ச்சல் என ஐயுறப்பட்ட 297 பெரியவர்களைச் சோதித்தது. நோய் உறுதியானவர்களுள் 5 சதவீதத்தினரிடமே இவ்விரு குறிகளும் தனித்தனியே தென்பட்டன. புருட்சின்ஸ்கி கண்டவர்கள் முற்றிய நோயுள்ள குழந்தைகள் என்பதால் இரு கணக்குகளையும் அப்படியே ஒப்பிடலாகாது என்ற வாதமும் உண்டு. பாடநூல்களில் இரண்டும் நீடிக்கின்றன. கெர்னிக் சோதனையை இன்று பெரும்பாலும் நோயாளியைப் படுக்கவைத்து, தொடையைச் செங்குத்தாக மடக்கியே செய்கிறார்கள்.