மண்டபம் முகாமிலிருந்து வளைகுடா வரை: நோய்ச்சோதனையும் புலம்பெயர் தொழிலாளரும்

கல்பாத்தி ஆற்றங்கரை அக்கிரகாரங்களிலிருந்து கல்வியின் துணைகொண்டு அமெரிக்கா சென்று குடியேறியோர் உளர். அதே பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய ஊர்களிலிருந்து உடலுழைப்பை நம்பி வளைகுடா நாடுகளுக்குச் சென்றோரும் உளர். இவ்விரு வழிகளையும் எச்.ஐ.வி. தொடர்பான குடிவரவு விதிகள் ஒன்றுபோல் நடத்தவில்லை. புலம்பெயர்வு ஆய்வுகளில் இவ்வேறுபாடு போதிய கவனம் பெறவில்லை.

பயணியின் உடலைச் சோதித்த பின்னரே கடல் கடக்க விடும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. 1914இல் கொழும்பில் பிளேக் நோய் தோன்றியது. 1917இல் இலங்கை அரசு மண்டபத்தில் முகாம் அமைத்தது. தோட்டத் தொழிலாளர் அங்குச் சில நாள் தங்கவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, பின்னரே கப்பலேற்றப்பட்டனர். அம்முறையின் இழிவை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதற்கோர் எல்லை இருந்தது. நோய் அரும்பும் காலம் கழிந்ததும் வழி திறந்தது.

எச்.ஐ.வி. விதிக்கு அத்தகைய எல்லை இல்லை. இத்தொற்று மூச்சாலோ தொடுகையாலோ பரவுவதன்று. ஆகவே, எல்லையில் மறித்தலுக்குப் பிளேக்குக்குரிய மருத்துவக் காரணம் இங்குப் பொருந்தாது. எனினும் தடை வாழ்நாள் முழுமைக்குமாயிற்று. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தனர். மறு ஆண்டே அமெரிக்கா தொற்றுடையோர் நுழைவைத் தடுத்தது. 1993இல் அதனைச் சட்டமாகவும் ஆக்கியது. இத்தடையை எதிர்த்தே 1992ஆம் ஆண்டின் உலக எய்ட்ஸ் மாநாடு பாஸ்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றப்பட்டது. 2008இல் சட்டத்தடை நீங்கி, 2010 சனவரி 4 முதல் நிரந்தரக் குடியுரிமை நாடுவோர்க்கான எச்.ஐ.வி. சோதனையும் ஒழிந்தது.

உழைப்பாளர் சென்ற வழியில் இம்மாற்றம் நிகழவில்லை. சிங்கப்பூர் 2015இல் குறுகிய கால வருகையாளர்க்குத் தடையைத் தளர்த்தியது, தொழிலாளர்க்குத் தளர்த்தவில்லை. விருந்தினராய் வருபவரை அஞ்சாத நாடு வேலைக்கு வருபவரை அஞ்சுவானேன்? செலவுக் கணக்கே காரணமெனத் தோன்றுகிறது. வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் சென்னை, கொச்சி முதலிய நகரங்களில் அந்நாடுகள் ஏற்பளித்த மையங்களில் ‘மெடிக்கல்’ முடிக்க வேண்டும். ‘அன்ஃபிட்’ என்னும் ஒரு சொல்லில் பயணம் நின்றுவிடும். சென்றபின்னும் சோதனை உண்டு. அங்குத் தொற்று தெரியவரின் குடியிருப்பு அனுமதி போய் நாடு கடத்தலே முடிவாகும். நோயறிதல் வேலையிழப்பாகுமிடத்தில் தாமாகச் சோதனைக்கு முன்வருவோர் அரியர். சிகிச்சை தாமதமாதல் இதன் விளைவு.

இந்திய நிலை இதற்கு மாறானது. 2004 ஏப்ரல் முதல் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாக வழங்கப்படலாயிற்று. ஒழுங்காக மருந்துண்டு குருதியில் வைரசு கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவு வழியாகவும் தொற்று பரவாதென்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10இல் நடைமுறைக்கு வந்தது. அது வேலைக்கு முன்நிபந்தனையாகச் சோதனை கேட்பதை விலக்குகிறது. அறிந்து தரும் ஒப்புதலையும் வலியுறுத்துகிறது. ஆனால் அயல்நாட்டு விசா விதியை இச்சட்டம் எட்டவில்லை. சோதனை நிகழ்வது இந்திய மண்ணில். அதைக் கேட்பது பிறிதொரு அரசு. வட்டிக்குக் கடன் வாங்கி விசாவுக்குக் காத்திருப்பவர் சோதனைத் தாளில் இடும் கையொப்பத்தை எப்பொருளில் ஒப்புதல் என்பது? சட்டம் இயற்றியோர் இதற்கு விடை சொல்லவில்லை.