ஜே. பி. ஆர். வில்லியம்ஸ்

ஜே. பி. ஆர். வில்லியம்ஸ் (ஜான் பீட்டர் ரீஸ் வில்லியம்ஸ், 2 மார்ச் 1949 – 8 ஜனவரி 2024) வேல்ஸ் நாட்டு ரக்பி யூனியன் ஆட்டக்காரர். எலும்பு அறுவை மருத்துவர். 1969 முதல் 1981 வரை வேல்ஸுக்காக 55 டெஸ்ட் ஆட்டங்களும், பிரிட்டிஷ் – ஐரிஷ் லயன்ஸ் அணிக்காக 8 டெஸ்ட் ஆட்டங்களும் ஆடினார். அவர் ஆடிய இடம் ஃபுல்பேக். பதினைந்து பேர் கொண்ட அணியில் எல்லாருக்கும் பின்னால் நிற்பவர் ஃபுல்பேக். உயரே உதைக்கப்பட்டு இறங்கும் பந்தைப் பிடிப்பதும், மற்ற பதினான்கு பேரையும் தாண்டி வருபவரைச் சாய்ப்பதும் அவர் பொறுப்பு. இந்த இடத்தில் ஆடியவர்களில் தலைசிறந்தவர் வில்லியம்ஸ் என்று கருதுவோர் பலர். அதை மறுப்பவர்களும் தடுப்பாட்டத்தில் அவருக்கு நிகரானவர்கள் மிகச் சிலரே என்பதை ஒப்புக்கொள்கின்றனர். அவருடைய தடுப்பு எந்த அளவுக்கு விதிக்கு உட்பட்டது என்பது இன்றும் விவாதத்துக்கு உரியது.

இளமை

தெற்கு வேல்ஸில் உள்ள பிரிட்ஜெண்டில் மருத்துவக் குடும்பத்தில் பிறந்தார். உள்ளூர் கிராமர் பள்ளியிலும் பின்னர் இங்கிலாந்தின் மில்ஃபீல்டு பள்ளியிலும் படித்தார். அக்காலத்தில் அவர் பெயர் பெற்றது டென்னிஸில். 1966இல் விம்பிள்டன் மைதானத்தில் நடந்த பிரிட்டிஷ் ஜூனியர் போட்டியின் இறுதி ஆட்டத்தில் டேவிட் லாய்டை வென்று பட்டம் பெற்றார். பல குறிப்புகளில் இது ‘ஜூனியர் விம்பிள்டன்’ பட்டம் எனக் காணப்படுகிறது. அது வேறு போட்டி. லண்டன் செயின்ட் மேரி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1973இல் மருத்துவரானார். ரக்பியில் லண்டன் வெல்ஷ், பிரிட்ஜெண்ட் ஆகியவை அவருடைய முதன்மைக் கிளப்புகள்.

அவருக்கு முன் ஃபுல்பேக்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஃபுல்பேக் பெரும்பாலும் உதைப்பவராகவே கருதப்பட்டார். பந்தைப் பிடித்து எல்லைக்கோட்டுக்கு வெளியே நீளமாக உதைத்துவிட்டால் கடமை முடிந்தது. நியூசிலாந்தின் ஜார்ஜ் நேப்பியா 1924–25 சுற்றுப்பயணத்தில் காட்டிய தடுப்பாட்டம் விதிவிலக்காகப் பேசப்பட்டது. 1934இல் வேல்ஸின் விவியன் ஜென்கின்ஸ் அயர்லாந்துக்கு எதிராக ஒரு ட்ரை போட்டபோது (எதிரணியின் இலக்குக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுவது ட்ரை), ஃபுல்பேக் இவ்வளவு முன்னே வரலாமா என்ற கேள்வியும் எழுந்தது.

1968இல் விதி மாறியது. தன் அணியின் 25 யார்டு கோட்டுக்கு முன்னால் நிற்பவர் பந்தை நேரடியாக வெளியே உதைத்தால், உதைத்த இடத்துக்கு நேராகவே ஆட்டம் மீண்டும் தொடங்கும் என்று ஆயிற்று. நீள உதையின் பயன் இதனால் குறைந்தது; பந்தை ஏந்தி ஓடும் ஃபுல்பேக்கின் மதிப்பு கூடியது. வில்லியம்ஸ் சர்வதேச ஆட்டத்துக்கு வந்தது இந்த மாற்றத்தை ஒட்டியே.

வேல்ஸ் அணியில், 1969–1975

1968இல் வேல்ஸ் அணியுடன் அர்ஜென்டினா சென்றுவந்த அவர், 1 பிப்ரவரி 1969 அன்று எடின்பரோவின் மர்ரிஃபீல்டில் ஸ்காட்லாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். அப்போது வயது 19. மெர்வின் டேவிஸும் அதே ஆட்டத்தில்தான் அறிமுகமானார். தொடக்க ஆண்டுகளில் அவரை ஜான் வில்லியம்ஸ் என்றே குறித்தனர். 1973இல் ஜே. ஜே. வில்லியம்ஸ் அணிக்கு வந்த பிறகு, இருவரையும் பிரித்துக் காட்ட ‘ஜே. பி. ஆர்.’ என்ற முதலெழுத்துகள் நிலைத்தன. கணுக்காலுக்குச் சரிந்த காலுறை, நீண்ட கிருதா, சில ஆட்டங்களில் நெற்றியில் கட்டிய பட்டை ஆகியவற்றால் தொலைவிலிருந்தே அவரை அடையாளம் காணலாம்.

1971இல் வேல்ஸ், ஆண்டுத் தொடரின் எல்லா ஆட்டங்களிலும் வெல்வதான கிராண்ட்ஸ்லாமைப் பெற்றது. பாரிஸில் நடந்த தீர்மான ஆட்டத்தில் பிரெஞ்சுக்காரர்கள் தம் வீரருக்கு வீசிய பந்தை அவர் இடைமறித்து, மைதானத்தின் பெரும்பகுதியை ஓடிக் கடந்து சக வீரர் கேரத் எட்வர்ட்ஸுக்குக் கொடுத்தார். எட்வர்ட்ஸ் ட்ரை போட்டார். வேல்ஸ் 9–5 என வென்றது. தடுப்பில் தொடங்கித் தாக்குதலில் முடியும் அவருடைய ஆட்டமுறைக்கு இதுவே வழக்கமாகக் காட்டப்படும் சான்று.

இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய 11 ஆட்டங்களிலும் அவர் தோற்கவில்லை. 1969க்கும் 1981க்கும் இடையில் 1974, 1980 ஆகிய இரு ஆண்டுகளில் வேல்ஸ் இங்கிலாந்திடம் தோற்றது. இரண்டிலும் அவர் அணியில் இல்லை. வேல்ஸுக்காக அவர் போட்ட 6 ட்ரைகளில் 5 இங்கிலாந்துக்கு எதிரானவை.

லயன்ஸ் பயணங்கள், 1971, 1974

கார்வின் ஜேம்ஸ் பயிற்றுவித்த, ஜான் டாஸ் தலைமையேற்ற 1971ஆம் ஆண்டு லயன்ஸ் அணி, நியூசிலாந்து மண்ணில் தொடரை 2–1 என வென்றது. ஓர் ஆட்டம் சமனானது. டனீடினில் நடந்த முதல் டெஸ்டில் ஆட்டத்தின் பெரும்பகுதி லயன்ஸின் பாதியிலேயே நடந்தது. ஆயினும் லயன்ஸ் 9–3 என வென்றது. அந்த நெருக்கடியில் வில்லியம்ஸ் பந்தைப் பிடித்த விதமும் ஆட்களைச் சாய்த்த விதமும் அவருடைய பெயரை நிலைநிறுத்தின என்பது பரவலான மதிப்பீடு.

ஆக்லாந்து ஈடன் பார்க்கில் 14–14 எனச் சமனான நான்காம் டெஸ்டில் அவர் ஒரு டிராப் கோல் அடித்தார். சர்வதேச ஆட்டங்களில் அவர் அடித்த ஒரே டிராப் கோல் அது. தூரம் 45 யார்டு என்று சில பதிவுகளும், 45 மீட்டர் என்று சிலவும், 50 யார்டு என்று வேறு சிலவும் கூறுகின்றன. மைதானத்துக்குச் செல்லும் பேருந்திலேயே “இன்று ஒன்று அடிப்பேன்” என்று அவர் சொன்னதாக ஒரு செய்தியும் உண்டு.

1974 தென்னாப்பிரிக்கப் பயணத்தில் லயன்ஸ் மூன்று டெஸ்டுகளில் வென்றது, ஒன்றைச் சமன் செய்தது. எதிரணியினர் அடிதடியில் இறங்கினால் எல்லாரும் ஒரே நேரத்தில் பதிலடி கொடுப்பது, அப்போது நடுவரால் ஒருவரை மட்டும் வெளியேற்ற முடியாது என்பது கேப்டன் வில்லி ஜான் மெக்பிரைடின் உத்தி. அதற்கான அழைப்புச்சொல் ‘99’. போர்ட் எலிசபெத்தில் நடந்த மூன்றாம் டெஸ்டில் வில்லியம்ஸ் வெகுதூரம் ஓடிவந்து தென்னாப்பிரிக்க வீரர் வான் ஹீர்டனைக் குத்தும் காட்சி படத்தில் பதிவாகியுள்ளது. இந்த அழைப்பு ஒரே ஒருமுறைதான் விடுக்கப்பட்டது என்போரும், பலமுறை என்போரும் அந்த அணியிலேயே உள்ளனர். மருத்துவப் பணியைக் கருதி 1977 லயன்ஸ் பயணத்தில் அவர் கலந்துகொள்ளவில்லை.

1976: கார்டிஃப் மோதல்

6 மார்ச் 1976 அன்று கார்டிஃபில் வேல்ஸும் பிரான்சும் மோதின. வென்றால் வேல்ஸுக்குக் கிராண்ட்ஸ்லாம். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரெஞ்சு விங் ஷான்-ஃபிரான்சுவா கூர்தோன் மூலையை நோக்கி விரைந்தார். குறுக்கே ஓடிவந்த வில்லியம்ஸ், கைகளால் பற்றாமல், தோளால் முழு வேகத்தில் இடித்து அவரை எல்லைக்கோட்டுக்கு வெளியே தள்ளினார். ஆட்டம் 19–13 என முடிந்தது. அன்றைய கணக்கில் ட்ரைக்கு 4 புள்ளி, அதைத் தொடரும் கன்வெர்ஷனுக்கு 2; இடைவெளியும் சரியாக 6 புள்ளிதான்.

ஃபுல்பேக்கின் தடுப்பாட்டம் பற்றிய பேச்சில் மிக அதிகமாக எடுத்துக்காட்டப்படும் காட்சி இது. இன்றைய விதிப்படி, பந்து வைத்திருப்பவரைப் பற்ற முயலாமல் இடித்துத் தள்ளுவது குற்றம். பெனால்டி ட்ரையும் அட்டையும் கிடைத்திருக்கக்கூடும். அன்றைய நடுவர் தண்டிக்கவில்லை. அக்கால விதியின்படியும் அது பிழையே என்று ஒரு சாராரும், அக்கால நடைமுறையில் தோளிடி பொதுவாக விட்டுக்கொடுக்கப்பட்டது என்று மற்றொரு சாராரும் கூறுகின்றனர். இடித்த தருணத்தில் கைகள் எங்கே இருந்தன என்பதில்கூட, ஒரே படத்தைப் பார்த்தவர்கள் ஒத்த முடிவுக்கு வந்ததில்லை. ஓடிவந்த கோணம் மட்டும் சர்ச்சைக்கு அப்பாற்பட்டது: கூர்தோனுக்கு உள்பக்கம் திரும்ப இடம் தராமல், எல்லைக்கோட்டையே இரண்டாவது தடுப்பாளராக்கிய ஓட்டம் அது.

1978 முதல் ஓய்வுவரை

1976க்குப் பின் 1978இலும் வேல்ஸ் கிராண்ட்ஸ்லாம் வென்றது. வில்லியம்ஸுக்கு அது மூன்றாவது. அவ்வாண்டு ஜூனில் சிட்னியில் நடந்த ஆஸ்திரேலிய டெஸ்டில், ஆட்கள் காயமுற்றதால் அவர் ஃபார்வர்டுகளுடன் ஃபிளாங்கராக இறங்கினார். பின்கள ஆட்டக்காரர் ஒருவரை டெஸ்ட் ஆட்டத்தில் அங்கே நிறுத்துவது அரிது. அவருடைய உடல்வலுவுக்கு இது பெரும் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆட்பற்றாக்குறைக்குச் சான்று என்றும் கொள்ளலாம். வேல்ஸ் அந்த ஆட்டத்தில் 17–19 எனத் தோற்றது.

டிசம்பரில் பிரிட்ஜெண்ட் கிளப் நியூசிலாந்து அணியுடன் ஆடியபோது, குவியலுக்கு அடியில் கிடந்த அவருடைய முகம் எதிரணி வீரரின் ஆணிக்காலணியால் மிதிபட்டுக் கன்னம் கிழிந்தது. மிதித்தது வேண்டுமென்றே என்று வேல்ஸ் தரப்பும், தற்செயல் என்று மறுதரப்பும் கூறின. மருத்துவரான தந்தையே மைதானத்தில் சுமார் 30 தையல் போட்டார். தையல் முடிந்ததும் மகன் ஆட்டத்துக்குத் திரும்பினார்.

வேல்ஸ் அணிக்கு ஐந்து ஆட்டங்களில் தலைமையேற்று 1979இல் ஓய்வு பெற்றார். பின்னர் மீண்டும் வந்து, 1981இல் தம் முதல் டெஸ்ட் நடந்த மர்ரிஃபீல்டிலேயே கடைசி டெஸ்டும் ஆடினார்.

மதிப்பீடு

அவரை முதலிடத்தில் வைக்காதவர்கள் மூன்று காரணங்கள் கூறுகின்றனர். முதலாவது, தாக்குதல் கணக்கு: பிரான்சின் செர்ஜ் பிளாங்கோ 93 டெஸ்டுகளில் 38 ட்ரைகளும், நியூசிலாந்தின் கிறிஸ்டியன் கல்லன் 58 டெஸ்டுகளில் 46 ட்ரைகளும் போட்டனர். இரண்டாவது, அவர் அணியின் முதன்மை உதைப்பாளர் அல்லர். அவர் காலத்திலேயே ஸ்காட்லாந்தின் ஆண்டி இர்வின் ஓட்டத்திலும் உதையிலும் அவரை மிஞ்சினார். மூன்றாவது, எட்வர்ட்ஸ், ஜெரால்டு டேவிஸ், மெர்வின் டேவிஸ் போன்றோர் நிறைந்த அணியில் எந்த ஃபுல்பேக்கும் சிறந்து தெரிவார் என்பது.

ஆதரவாளர்களின் வாதம் வேறு அளவுகோலில் நிற்கிறது. ஃபுல்பேக்கின் முதல் வேலை தடுப்பது. பிளாங்கோ, இர்வின் இருவரிடமும் குறை சொல்லப்பட்ட இடமும் அதுவே. பக்கத்தில் எவ்வளவு வலிய வீரர்கள் இருந்தாலும், அவர்களைக் கடந்து வந்தவரைத் தனியாக நிறுத்த வேண்டியவர் இவர்தான் என்று அவர்கள் சுட்டுகின்றனர். அவரைத் தாண்டிப் பந்து செல்லாது என்ற நம்பிக்கையில்தான் மற்றவர்கள் துணிந்து முன்னேறினர் என்பதும் அவர்கள் கூற்று.

ஓர் ஆட்டக்காரர் எத்தனை பேரைச் சாய்த்தார், எத்தனை முறை தவறவிட்டார் என்று எண்ணிப் பதியும் வழக்கம் 1970களில் இல்லை. எனவே பிளாங்கோவின் ட்ரைகளை எண்ணுவதுபோல் வில்லியம்ஸின் தடுப்புகளை எண்ண இயலாது. அவருடைய தடுப்பாட்டம் பற்றிய முடிவுகள் சில படக்காட்சிகளையும் உடன் ஆடியவர்களின் நினைவுகளையுமே சார்ந்துள்ளன. அவர் ஆடியது ஊதியமில்லா ஆட்டக்காலம். தொழில்முறைக் காலத்தின் எடைமிக்க ஆட்டக்காரர்களோடு அவரை ஒப்பிடுவதற்கும் இதே வரம்பு உண்டு.

பிற்காலம்

பிரிட்ஜெண்டில் எலும்பு அறுவை மருத்துவராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். ரக்பியில் எலும்பை முறித்துக்கொள்வதில் பாதி வாழ்க்கையும், அவற்றைச் சேர்ப்பதில் மீதியும் கழிந்ததாக அவரே நகைத்ததாகச் சொல்வர். வயது முதிர்ந்த பின்னும் டோண்டு கிளப்பின் கீழ்நிலை அணிகளில் ஆடினார். 1977இல் எம்.பி.இ. விருதும், 1997இல் சர்வதேச ரக்பி புகழரங்கில் இடமும் பெற்றார். தன்வரலாற்று நூல் ஒன்று 2006இல் வெளிவந்தது. 2024 ஜனவரியில், 74ஆம் வயதில், பாக்டீரியா மூளையுறை அழற்சியால் இறந்தார்.