முன்சீப் கையெழுத்திலிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் வரை: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களும் குற்றப் பதிவும்

மலேசியக் குடிநுழைவுச் சட்டத்தின் (1959/63) 8ஆம் பிரிவு, நாட்டுக்குள் வரத் தடை செய்யப்பட்டவர்கள் யார் யார் என்று வகைப்படுத்துகிறது. எந்த நாட்டிலாவது சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, அதற்கு முழு மன்னிப்பும் பெறாதவர் அதில் ஒரு வகை. வாசகம் அத்துடன் நின்றுவிடவில்லை. அந்தத் தண்டனையைச் சூழ்ந்த நிலைமைகளைப் பார்த்து, இவர் வேண்டத்தகாதவர் என்று குடிநுழைவுத் தலைமை இயக்குநர் கருதியிருக்கவும் வேண்டும். நடைமுறையில் முதல் பாதியே பேசப்படுகிறது. சூழ்நிலையைப் பற்றிய பின்பாதியை நினைப்பவர் குறைவு. பழைய தண்டனை பயணத்தை மறிப்பது தொன்றுதொட்ட வழக்கம் என்ற எண்ணமும் இதோடு சேர்ந்தே இருக்கிறது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு இதற்கு இடம் தரவில்லை. தோட்டத் தொழிலாளி எல்லையில் முதலில் உழைக்கும் உடலாக எடைபோடப்பட்டார், பிறகு கிளர்ச்சிக்காரராகச் சந்தேகிக்கப்பட்டார். 'பதிவு உள்ளவர்' என்று அவரை நிறுத்துவது மிகவும் பிந்திய வழக்கம்.

ஜே. ஏ. ரசல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, தமிழகத்திலிருந்து ஆள் வருவதை 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் ஒழுங்குபடுத்தி வந்தது. கங்காணி, தோட்டத்தின் சார்பில் பெற்ற லைசென்சோடு தன் ஊருக்குப் போய் ஆள் சேர்ப்பார். சேர்த்தவர்களைக் கிராம முன்சீப்பின் முன் நிறுத்தி, இவர்கள் போவதில் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். அதன்பின் நாகப்பட்டினம் அல்லது ஆவடி முகாம், மருத்துவச் சோதனை, கப்பல், பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ தொற்றுத்தடுப்புக் காவல். இந்த வழி நெடுகக் கேட்கப்பட்டவை இரண்டே கேள்விகள்: உடம்பு வேலைக்கு ஆகுமா? ஏமாற்றி அழைத்து வரப்பட்டவரா? ஊரில் எந்த வழக்கில் தண்டனை பெற்றார் என்பது தோட்டத்துக்குப் பொருட்டல்ல. இந்தியர் பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதால், 1933இல் வந்த அந்நியர் சட்டமும் அவர்களைத் தொடவில்லை.

முன்சீப் கையெழுத்தே ஒரு நற்சான்றுதானே என்று இங்கே ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முன்சீப் பார்த்தது நீதிமன்றப் பதிவேட்டை அல்ல. மனைவி மக்களை விட்டு ஓடுகிறானா, சிறுவனை வீட்டுக்குத் தெரியாமல் கூட்டிப் போகிறார்களா என்பதை. ஆளையும் அவன் குடும்பத்தையும் அறிந்த ஒருவர் நேரில் பார்த்துச் சொன்ன சொல் அது. காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்ட முன்சீப்புகள் இருந்திருக்கலாம், அதனால் அந்த முறையைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு விசாரணை இருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்த்தது என்பதே இங்கு முக்கியம். எல்லையில் கேட்கப்பட்டதும் உழைப்புக் கணக்குதான் என்பதைப் பொருளாதார மந்தம் காட்டிக்கொடுத்தது. 1930இல் ரப்பர் விலை சரிந்ததும் ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டு, எந்தக் குற்றமும் செய்யாத ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938 ஜூனில் உதவிபெற்ற குடிபெயர்வையே இந்திய அரசு தடை செய்தது.

தொழிலாளி கிளர்ச்சிக்காரராகச் சந்தேகிக்கப்பட்ட இரண்டாம் கட்டத்தின் தொடக்கத்தைக் கிள்ளானில் காணலாம். 1941இல் அங்கே வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளர்கள் கேட்டவற்றில், துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒன்று. தலைவர் ஆர். எச். நாதன் அந்த மே மாதமே கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் இந்தச் சந்தேகப் பார்வை விரிவடைந்தது. 12 வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை வந்தது, தோட்ட லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். சைக்கிள் கோரிக்கையும் ஆயுத வழக்கும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் பிறகு, தொழிலாளியின் பெயர் ஒரு கோப்பில் ஏறுவதும் அவர் நாட்டில் இருக்கும் உரிமையும் பிரிக்க முடியாதவை ஆகிவிட்டன. கைரேகையோடு ஆளை அடையாளம் காணும் ஏற்பாடு இல்லாமல், பின்னாளில் எவருடைய பழைய வழக்கையும் தேடி எடுத்திருக்க முடியாது.

விடுதலைக்குப் பின் இந்தக் கோப்பு குடியுரிமைக்குள் நுழைந்தது. 1957 அரசியலமைப்பின்படி மெர்டேக்கா நாளுக்கு முன் பிறந்த தோட்டப்புறத்தார் பலர் பதிவு செய்துதான் குடியுரிமை பெற வேண்டியிருந்தது. வசித்த காலம், மலாய்மொழி அறிவு ஆகியவற்றோடு நன்னடத்தையும் நிபந்தனை. விண்ணப்பிக்காதவர்களும் தேறாதவர்களும், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு (சிவப்பு ஐசி) நின்றார்கள். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர்களை பெர்மிட் வாங்கச் சொன்னபோது, சுமார் 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனதாகச் சொல்லப்படுகிறது. சிவப்பு ஐசிக்காரர் திருச்சிக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போய்வர வேண்டுமென்றாலும், திரும்பி வருவதற்கு மறுநுழைவு அனுமதி தேவை.

இன்று போ, பாரத் தோட்டங்களில் வங்கதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்கள் தற்காலிக வேலை அனுமதியில் கொழுந்து வெட்டுகிறார்கள். இக்கட்டுரையின் வாதம் இவர்களிடத்தில்தான் கூர்மையடைகிறது. பெர்மிட்டைப் புதுப்பிப்பது முதலாளியின் கையில் இருக்கிறது. அவர் தவறினால் தொழிலாளி குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின் கீழ்க் குற்றவாளி: 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. செல்லத்தக்க அனுமதியின்றி நுழைந்தவருக்கு 6ஆம் பிரிவு பிரம்படியையும் சேர்க்கிறது. இப்படிக் கிடைத்த சிறைத்தண்டனை அடுத்த நாட்டு விசா படிவத்தில் 'குற்றப் பதிவு' என்றே நிற்கும். எல்லைச் சட்டமே உண்டாக்கிய குற்றம், அடுத்த எல்லையில் அவருடைய குணத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது.

யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்க அரசுக்கு உரிமை இல்லையா என்பது வலுவான மறுப்பு. உரிமை உண்டு. தோட்டப்புறத்திலிருந்து நகருக்குப் பெயர்ந்த இளைஞர்களிடையே குண்டர் கும்பல் வன்முறை இருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த உரிமையை எழுதி வைத்த சட்டங்களே தரம் பிரிக்கின்றன. இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டம் (1967), ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு 2 ஆண்டுக்குக் குறையாத சிறை, அதுவும் கடந்த 5 ஆண்டுக்குள், என்றால் மட்டுமே பழைய தண்டனையை மறுப்புக்குக் காரணமாக ஏற்கிறது. ஆஸ்திரேலியா 12 மாதத் தண்டனையை அளவுகோலாக்குகிறது. சிங்கப்பூர் 2005இல், சிறு குற்றத்துக்குப் பிறகு 5 ஆண்டு ஒழுங்காக இருந்தவரின் பதிவு கழிந்துபோக வழி செய்தது. மலேசியாவின் 8ஆம் பிரிவும் சிறைத்தண்டனையைத்தான் சொல்கிறது, அபராதத்தை அல்ல. இளவயதில் சம்சு என்ற கள்ளச்சாராயம் வைத்திருந்து அபராதம் கட்டிய ஒருவரை அது தடுக்காது. ஆனால் அதே நபர் இந்தியாவின் இ-விசாவுக்கு மனுச் செய்யும்போது, எந்த நாட்டிலாவது கைதானதோ, வழக்குத் தொடரப்பட்டதோ, தண்டிக்கப்பட்டதோ உண்டா என்ற கேள்விக்கு ஆம் என்றே பதில் தர வேண்டும். மறைத்தால் அது தனிக் குற்றமாகும் என்பதால், பொய் சொல்லித் தப்புவதையும் யோசனையாகச் சொல்ல முடியாது.

வேலைக்கோ குடியேற்றத்துக்கோ வெளிநாடு போகும் தோட்டத்துப் பேரப்பிள்ளையிடம் இப்போது கேட்கப்படுவது, காவல்துறைப் பதிவைச் சரிபார்த்து வெளியுறவு அமைச்சு தரும் நன்னடத்தைச் சான்றிதழ். முன்சீப் இருந்த இடத்தில் பதிவேடு இருக்கிறது. பதிவேட்டுக்குத் தெரிவது குற்றப்பிரிவும் தண்டனையும் தேதியும். சட்டம் பார்க்கச் சொன்ன சூழ்நிலை, அதாவது பெர்மிட்டை யார் புதுப்பிக்கத் தவறினார், அபராதம் கட்ட முடியாமல்தான் சிறை போனாரா என்பதெல்லாம், வழக்குக் கட்டில்தான் கிடக்கும். எனவே பதிவுள்ள விண்ணப்பதாரர் செய்யத்தக்கது, தண்டனை விதித்த நீதிமன்றத்தில் தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலை வாங்கி, கேட்காவிட்டாலும் விளக்கக் கடிதத்தோடு இணைப்பது. கேமரன் மலையில் ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ இருப்பவருக்கு அது சில நாள் கூலியும் மலையிறங்கும் பஸ் செலவும்.