கோயில் சாமான் அறையில் ஒரு வால்வுப் பெட்டி

"பழையதை என்ன செய்வது?" என்ற தலைப்பில் எங்கள் தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அரங்கத்தில் நான் பேசியதன் எழுத்து வடிவம் இது. நேரம் போதாமல் அங்கே விட்டுப்போன சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

பூச்சோங்கில் ஒரு கோயில். ஒரு காலத்தில் தோட்டத்துக் கோயில். ரப்பர் மரங்கள் போய் வீடமைப்புப் பகுதி வந்தபின் புது இடத்தில் எழும்பி நிற்கிறது. திருவிழாவுக்கு முன்பு சாமான் அறையைச் சுத்தம் செய்தபோது மூலையிலிருந்து ஓர் இரும்புப் பெட்டி வெளியே வந்தது. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். பழைய இரும்பு வாங்குகிறவர் வாசலில் லாரியோடு காத்திருந்தார். பெட்டி தராசுக்குப் போகும் நேரத்தில் ஒரு பெரியவர் குறுக்கே வந்தார்.

"நில்லுப்பா! நம்ம தோட்டத்துத் திருவிழாவுல பாடுனதே இந்தப் பெட்டிதான்."

வேறொரு படப்பிடிப்புக்காக அங்கே போயிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். மூடியைத் திறந்தார்கள். தூசிக்கு நடுவே ஐந்து கண்ணாடிக் குழாய்கள். அதுதான் வால்வு ஆம்ப்ளிபையர். முப்பது வயதைக் கடந்த எனக்கே அதை அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் முறை.

வால்வு என்ன செய்கிறது?

காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்தான் வால்வு. உள்ளே இருக்கும் கம்பி சூடேறியதும், அந்தச் சூட்டில் எலக்ட்ரான்கள் கிளம்பி எதிரே உள்ள தகட்டை நோக்கிப் பாய்கின்றன. 1904ஆம் ஆண்டு லண்டன் பேராசிரியர் ஜான் அம்புரோஸ் பிளெமிங் செய்தது இதைத்தான். 1906இல் அமெரிக்கர் லீ டி பாரஸ்ட், கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய வலைக்கம்பியைச் சேர்த்தார். வாய்க்கால் மடையைக் கொஞ்சம் அசைத்தால் வெள்ளமே கூடிக் குறைவது போல, வலைக்கம்பிக்கு வரும் சிறு மின்னசைவு, பாயும் பெரிய மின்னோட்டத்தை ஆட்டி வைக்கிறது. மைக்கில் விழும் மெல்லிய குரல் ஊருக்கே கேட்பது இப்படித்தான்.

மறைக்காமல் கொடுத்தவர்கள்

இந்தக் கருவியை நேர்த்தியாக்கியவர்களில் சிலரை மட்டும் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஹெரால்டு லீக் என்பவர் 1945இல் 'பாயிண்ட் ஒன்' என்ற ஆம்ப்ளிபையரைக் கொண்டு வந்தார். ஒலியின் சிதைவு நூற்றில் 0.1 பங்குதான் என்பதையே அதற்குப் பெயராக வைத்தார். பீட்டர் வாக்கர் 1936இல் தொடங்கிய நிறுவனம் 1953இல் 'குவாட் 2' ஆம்ப்ளிபையரைத் தந்தது. அமெரிக்காவில் மெக்கின்டாஷ், மராண்ட்ஸ் ஆகிய பெயர்கள் ஓங்கின.

ஆனால் என்னைக் கவர்ந்தவர் டி.டி.என். வில்லியம்சன். வால்வு நிறுவனமொன்றில் வேலை செய்த அந்த இளைஞர் 15 வாட் ஆம்ப்ளிபையர் ஒன்றை வடிவமைத்தார். 1947இல் 'வயர்லெஸ் வேர்ல்டு' என்ற இங்கிலாந்து இதழ் அதன் வரைபடத்தை முழுமையாக அச்சிட்டது. உலகெங்கும் ஆர்வலர்கள் அதைப் பார்த்துத் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

வால்வு தயாரித்த மல்லார்டு நிறுவனமும் அதே வழியில் போனது. '5-20' என்று ஒரு வடிவம் வெளியிட்டது. ஐந்து வால்வுகள், 20 வாட். பெயரே கணக்கு! 1959இல் இத்தகைய வரைபடங்களையெல்லாம் சேர்த்துப் புத்தகமாகவே போட்டது. வரைபடம் பரவினால் வால்வு விற்கும் என்பது அவர்கள் வியாபாரம். ஆனால் அதன் பலன் எங்கெங்கோ இருந்த சாதாரண ரேடியோ கடைக்காரர்களுக்கும் கிடைத்தது.

நம்மவர் குரல்

இந்தியாவிலும் இந்தக் கதைக்கு ஓர் அத்தியாயம் உண்டு. காந்தி, நேரு பேசும் பழைய படங்களைப் பாருங்கள். மைக்கில் 'சிகாகோ ரேடியோ' என்ற பெயர் தெரியும். பெயர்தான் சிகாகோ, நடத்தியது பம்பாயில் இருந்த மோத்வானி குடும்பம். 1930களின் காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டியவர்கள் அவர்கள். பெங்களூரில் 1954இல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1961இல் வானொலி வால்வுகளைத் தானே தயாரிக்க ஆரம்பித்தது.

நம் மண்ணுக்கு வருவோம். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி பேசியபோது கூடிய கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தாத்தா பாட்டிகள் பலர் அவர் படையில் சேர்ந்தார்கள். 1957 ஆகஸ்ட் 31ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் துங்கு ஏழு முறை "மெர்டேக்கா!" என்று முழங்கினார். இவையெல்லாம் வால்வு காலத்துக் குரல்கள். டிரான்சிஸ்டர் 1947இலேயே கண்டுபிடிக்கப்பட்டாலும், பெரிய ஒலிபெருக்கிகளில் அது வால்வின் இடத்தைப் பிடித்தது 1960களில்தான்.

தோட்டத்தில் குரல் என்றால் என்ன? விடியற்காலையில் பெரட்டுக்குக் கூப்பிடும் அதட்டல். அது மேலிருந்து வந்த குரல். திருவிழா நாளில் மட்டும் கோயில் மரத்தில் கட்டிய புனல் ஒலிபெருக்கியிலிருந்து நம் பாட்டு, நம் பேச்சு, நம் பிள்ளையின் பெயர் லயம் முழுக்கக் கேட்டது. 20 வாட் அதற்குத் தாராளமாகப் போதும்.

பெயர் இல்லாத பெட்டி

இனி அந்தப் பெட்டியின் விஷயம். கோலாலம்பூர் ஜாலான் பாசார் என்றால் மின்னணுச் சாமான் கடைகளுக்குப் பெயர் போன தெரு. அந்தப் பக்கம் பல காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரை அழைத்து வந்து காட்டினோம். கவிழ்த்து வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது கம்பெனி செட் இல்லம்மா. கையால கட்டுனது. மல்லார்டு புத்தகத்துல இருக்கிற 5-20" என்றார்.

வால்வுகள் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் தொழிற்சாலையில் செய்தவை. கண்ணாடியின் அடியில் உள்ள குறியீட்டைக் காட்டினார். தகட்டை வெட்டித் துளை போட்டதும், ஒயரை வரிசை பிசகாமல் பற்றவைத்ததும் உள்ளூர்க் கை. பெட்டியில் எங்கேயும் பெயர் இல்லை.

கட்டியவர் யார்? பெரியவர் வெகுநேரம் யோசித்தார். "சைக்கிள்ல வருவாரு... ரேடியோக்காரருன்னுதான் கூப்பிடுவோம்" என்றார். அவ்வளவுதான்.

நேயர்களே, லீக்கின் பெயர் தெரிகிறது. வில்லியம்சன் பெயர் தெரிகிறது. நம் தோட்டத்துக்குக் குரல் கொடுத்தவரின் பெயர் தெரியவில்லை. இன்னும் பத்து வருடம் போனால், அவர் சைக்கிளில் வந்தார் என்பதைச் சொல்லவும் ஆள் இருக்காது. அந்தப் பெட்டி தராசுக்குப் போயிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

அரங்கத்தில் ஒரு தம்பி கேட்டார்: "அக்கா, புது செட்டு இதைவிடத் தெளிவாகக் கேட்குமே, இதை ஏன் வைத்திருக்க வேண்டும்?" நியாயமான கேள்வி. திருவிழாவுக்குப் புது செட்டையே கட்டுங்கள். வால்வு செட்டு மின்சாரம் தின்னும், சூடாகும், குழாய் தேய்ந்தால் மாற்ற வேண்டும். வால்வு இன்று ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா போன்ற சில நாடுகளில்தான் பெரிதாகத் தயாராகிறது. நான் கேட்பது பாட்டுக்காக அல்ல. தோட்டம் போனது, லயம் போனது. நாம் எப்படி வாழ்ந்தோம் என்பதற்குக் கையால் தொட்டுக் காட்டக்கூடிய சாட்சி எத்தனை மிச்சம்?

உங்கள் வீட்டிலோ கோயிலிலோ இப்படி ஒன்று இருந்தால் மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று, ஆசையில் உடனே பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேலும் ஓடக்கூடும். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், உயிருக்கே ஆபத்து. பல வருடம் கிடந்த கெப்பாசிட்டர் வெடிக்கவும் கூடும். தெரிந்தவர் பார்க்கட்டும்.

இரண்டு, மேலும் கீழும் படம் எடுங்கள். வால்வில் உள்ள எண்களைக் குறித்து வையுங்கள்.

மூன்று, இதுதான் முக்கியம். வீட்டில் உள்ள தாத்தா பாட்டியிடம் இன்றே கேளுங்கள்: யார் கட்டியது? யார் இயக்கியது? முதலில் என்ன பாட்டுப் போட்டார்கள்? பதிலைத் தேதியோடு எழுதிப் பெட்டியிலேயே ஒட்டி வையுங்கள்.

பூச்சோங் பெட்டி இப்போது கோயில் அலுவலக அலமாரியில் இருக்கிறது. இன்னும் பாடவில்லை. அதன்மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். 'கட்டியவர்' என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தை நிரப்பத் தெரிந்தவர் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால், தயவுசெய்து வந்து சொல்லுங்கள்.