கம்பைலர் மாறினா புரோகிராம் ஏன் படுத்துக்குது?

"நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடிட்டு இருந்துச்சு. புது கம்பைலர்ல போட்டீங்க, படுத்துக்கிச்சு."

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவங்க யாரைக் கேட்டாலும் இந்த வசனத்தை ஒரு தரமாவது கேட்டிருப்பாங்க. பேக்கிங் லிஸ்ட், நிட்டிங் ஜாப் ஒர்க் கணக்கு, பீஸ் ரேட் சம்பளம்னு ஒவ்வொரு ஆபீஸ்லயும் யாரோ எப்பவோ எழுதிக் கொடுத்த ஒரு புரோகிராம் ஓடிட்டு இருக்கும். அதை யாரும் சும்மா தொட மாட்டாங்க. தொட வைக்கறது அரசாங்கமும் பையரும்தான். 2005 ஜனவரியில கோட்டா போச்சு, 2007 ஜனவரி 1-ல தமிழ்நாட்டுக்கு வாட் வந்துச்சு, 2017 ஜூலை 1-ல ஜி.எஸ்.டி. வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் பழைய நிரலைத் திறக்கணும். அதுக்குள்ள கம்பைலர் ஒண்ணு ரெண்டு தலைமுறை தாண்டியிருக்கும்.

கம்பைலர்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு ஒரு வரி: மனுசன் சி++ மாதிரி மொழியில எழுதறதை கம்ப்யூட்டருக்குப் புரியற எக்ஸ்இ கோப்பா மாத்தித் தர்ற புரோகிராம். அதை மாத்தினதும் எக்ஸ்இ செத்தா, பழி கம்பைலர் மேல விழறது இயல்புதான். ஆனா வரலாற்றைப் பார்த்தா, பல நேரம் புதுசு தப்புப் பண்றதில்லை. பழசு மறைச்சு வச்சிருந்ததைக் காட்டிக் கொடுக்குது. மைக்ரோசாஃப்டோட விஷுவல் சி++ கதையை வச்சே பார்க்கலாம்.

1998: எல்லாத்தையும் பொறுத்துக்கிட்ட அம்மா

விஷுவல் சி++ 6 வந்தது 1998-ல. அதில எழுதின புரோகிராம்கள் பொதுவா விண்டோஸ் ஃபோல்டர்ல இருக்கிற எம்எஸ்விசிஆர்டி.டிஎல்எல்-ங்கிற ஒரே நூலகக் கோப்பைப் பகிர்ந்துக்கும். கூட்டுக் குடும்பம் மாதிரி, ஒரே அடுப்பு. புதுசா எதையாவது இன்ஸ்டால் பண்ணும்போது அந்தக் கோப்பு மாறிட்டா, சம்பந்தமே இல்லாத வேற புரோகிராம் சாகும். 'டிஎல்எல் நரகம்'னு இதுக்குப் பேரே உண்டு.

நிரல்ல இருக்கிற தப்பையெல்லாம் பொறுத்துக்கிறதுல அது பெத்த அம்மாவேதான். 20 எழுத்துக்கு இடம் ஒதுக்கிட்டு 23 எழுத்தை எழுதினாலும் வாயைத் திறக்காது.

2002: காவல்காரன் வந்தான்

2001 ஜூலையில 'கோட் ரெட்'டுன்னு ஒரு புழு இணைய சர்வர்கள்ல பரவுச்சு. அது நுழைஞ்ச வழி இதேதான்: ஒதுக்கின இடத்தைத் தாண்டி எழுதறது. 2002 ஜனவரியில பில் கேட்ஸ் தன் ஊழியர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். புது வசதியா பாதுகாப்பான்னு வந்தா பாதுகாப்பைத் தேர்ந்தெடுங்கன்னு அதில சொன்னார். அதே வருசம் வந்த கம்பைலர்ல '/ஜி.எஸ்.'னு ஒரு ஸ்விட்ச் இருந்துச்சு. ஃபங்ஷனோட நினைவக இடத்து ஓரத்தில ஒரு ரகசிய எண்ணை வச்சிடும். வேலை முடிஞ்சு திரும்பும்போது அந்த எண் மாறியிருந்தா, யாரோ எல்லை தாண்டி எழுதியிருக்காங்கன்னு அர்த்தம். புரோகிராமை அங்கயே நிறுத்திடும். 2005 பதிப்புல இது தானாவே ஆன்.

நான் நேர்ல பார்த்த ஒரு கதை. ஒரு ஆபீஸ்ல வேற ஒருத்தர் எழுதின பேக்கிங் லிஸ்ட் புரோகிராம். கலர் பேருக்கு 20 எழுத்து இடம். அதுக்கு அடுத்து பெட்டி எண் இருக்கிற நாலு பைட். பையர் கொடுத்த கலர் 'டார்க் ஆந்த்ரசைட் மெலாஞ்ச்'. ஆங்கிலத்தில இடைவெளியோட 23 எழுத்து. கடைசி மூணு எழுத்தும் முடிவைக் குறிக்கிற பூஜ்யமும் நேராப் போய் பெட்டி எண் மேல உட்கார்ந்துக்கும். அந்த நாலு பைட்டை எண்ணாப் படிச்சா 6645614!

இருநூறு பெட்டி போற ஷிப்மென்ட்ல 66 லட்சமாவது பெட்டி. "கம்ப்யூட்டருக்குக் கிறுக்குங்க"ன்னு சொல்லிட்டு பேக்கிங் செக்ஷன் பையன் அதைக் கையால திருத்தி பிரிண்ட் எடுப்பான். பல வருசம் இப்படியே ஓடியிருக்கு. 2005 கம்பைலர்ல போட்டதும் அந்தக் கலர் வந்தாலே 'பிழை அறிக்கை அனுப்பவா'ன்னு கேட்டுட்டு புரோகிராம் மூடிக்கிச்சு. நல்லா ஓடினதைக் கெடுத்துட்டதா ஆபீஸ் முழுக்கப் பேச்சு. அது எப்ப நல்லா ஓடுச்சு? கையால திருத்த மறந்த ஒரு நாள், தூத்துக்குடி போன சரக்கோட பேப்பர் தப்பாப் போயி, கப்பலை விட்டு ஏர்ல அனுப்ப வேண்டி வந்திருந்தா செலவு யார் தலையில?

2005: தேதி பெருத்த கதை

அதே 2005 பதிப்புல இன்னொரு மாற்றம். நேரத்தைக் குறிக்கிற 'டைம்-டி'ங்கிற வகை அதுவரை 32 பிட். அந்தக் கணக்கு 2038 ஜனவரி 19-ல தீர்ந்துடும். அதனால 64 பிட்டா மாத்திட்டாங்க. நியாயமான காரியம்தான்.

ஆனா ஆர்டர் எண்ணையும் தேதியையும் நினைவகத்தில இருக்கிறபடியே அப்படியே கோப்புல கொட்டின புரோகிராம் என்னாகும்? பழசுல ஒரு ரெக்கார்ட் 8 பைட். புதுசுல, இடம் நிரப்பற பைட்டையும் சேர்த்து 16. நூறு ஆர்டர் இருந்த கோப்பு ஐம்பதாத் தெரியும், அதுவும் குப்பையா. நிரல்ல ஒரு எழுத்துகூட மாறலை!

கூடவே நூலகமும் தனித்தனியாப் போச்சு. 2003 பதிப்புக்கு ஒண்ணு, 2005-க்கு இன்னொண்ணு. தனிக் குடித்தனம், தனி அடுப்பு. பழைய கம்பைலர்ல செஞ்ச பார்கோடு டிஎல்எல் ஒதுக்கின நினைவகத்தை, புது கம்பைலர்ல செஞ்ச எக்ஸ்இ விடுவிக்கப் பார்த்தா செத்துச்சு. ஒரு வீட்ல வாங்கின பாத்திரத்தை இன்னொரு வீட்ல திருப்பிக் கொடுத்தா கணக்கு எப்படிங்க நேராகும்?

2009, 2012: வீட்ல ஓடுது, கடையில ஓடலை

2009 ஜூலை 28-ல மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தம் விட்டுச்சு. அது விஷுவல் ஸ்டுடியோ 2005-லயும் ஏறுச்சு. அதுக்கப்புறம் கம்பைல் பண்ணின எக்ஸ்இ, நூலகத்தோட 8.0.50727.4053 பதிப்பைக் கேட்க ஆரம்பிச்சுது. வாடிக்கையாளர் கம்ப்யூட்டர்ல இருந்தது அதுக்கு முந்தின பதிப்பு. 'அமைப்பு சரியில்லை, மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க'ன்னு செய்தி. நூறு தடவை இன்ஸ்டால் பண்ணினாலும் அதே செய்திதான். புது நூலகத் தொகுப்பைக் கூடவே கொடுத்தாத்தான் தீரும்.

2012 பதிப்பு இன்னும் ஒரு படி மேல. அதில செஞ்ச எக்ஸ்இ விண்டோஸ் எக்ஸ்பில ஓடவே ஓடாது. அப்போ எக்ஸ்பி இல்லாத ஆபீஸைத் தேடணும். கூச்சல் பலமாக் கிளம்பி, அந்த வருச நவம்பர்ல வந்த முதல் அப்டேட்லதான் எக்ஸ்பிக்கு வழி விட்டாங்க.

இது பழங்கதைன்னு நினைக்க வேண்டாம். 2024 மே மாதம் வந்த விஷுவல் ஸ்டுடியோ 2022-ஓட 17.10 பதிப்புலயும் இதேதான். அதில செஞ்ச புரோகிராம்கள், பழைய எம்எஸ்விசிபி140.டிஎல்எல் இருந்த கம்ப்யூட்டர்கள்ல திறந்ததுமே செத்துச்சு. மைக்ரோசாஃப்ட் சொன்ன பதில் 2009-ல கேட்ட அதே பாட்டு: கம்பைலரை விட நூலகம் பழசா இருக்கக் கூடாது.

அப்போ எங்க தேடறது?

இந்தக் கதையெல்லாம் படிச்சா, எப்போ சாகுதுங்கிறதை வச்சே எதனாலன்னு ஊகிக்கலாம்:

- திறக்கவே மாட்டேங்குதா? நூலகத் தொகுப்பு இல்லை, இல்லாட்டி பழசு.
- பழைய டேட்டாவைப் படிக்கும்போது சாகுதா? ரெக்கார்ட் அளவைப் பாருங்க.
- வேற யாரோ கொடுத்த டிஎல்எல்-லைக் கூப்பிட்டுத் திரும்பும்போதா? ரெண்டு அடுப்புப் பிரச்சினை.
- ஏதோ ஒரு பேர், ஒரு கலர், ஒரு ஸ்டைல் வந்தா மட்டுமா? எல்லை தாண்டி எழுதியிருக்கு. அந்தத் தப்பு உங்க கம்பைலரை விட வயசுல மூத்தது.

கடைசி வகைக்குத்தான் ஒரு குறுக்கு வழி இருக்கு: /ஜி.எஸ். ஸ்விட்சை ஆஃப் பண்ணிடறது. செத்துட்டு இருந்த புரோகிராம் உடனே எழுந்து ஓடும், முதலாளி முகத்திலயும் சிரிப்பு வரும். நிறையப் பேர் பண்ணியிருக்காங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். நிட்டிங் மிஷின்ல நூல் அறுந்தா மிஷினை நிறுத்தற ஸ்டாப் மோஷன் இருக்கில்ல? அது அடிக்கடி நிறுத்துதுன்னு கழட்டி விட்டா மிஷின் நிக்காம ஓடும். ரோலும் சீக்கிரம் முடியும். துணியில இருக்கிற ஓட்டை மட்டும் சாயப்பட்டறை போய் வந்த பிறகு தெரியும். அப்போ நூல் காசும் போச்சு, நிட்டிங் கூலியும் போச்சு, சாயக் கூலியும் போச்சு.

மிஷின் நின்னா ஃபிட்டர் முதல்ல தேடறது நூல் எங்க அறுந்துச்சுன்னுதான். நாமளும் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.