'வெரி': மெய் தேய்ந்து மிகையான கதை

பள்ளிக்கூட நோட்டில் சிவப்பு மையில் 'வெரி குட்' வாங்காதவர்கள் குறைவு. அந்த 'வெரி'யின் பூர்வீகம் லத்தீன். அங்கே 'வேருஸ்' என்றால் மெய்யான என்று பொருள். 'மிக' என்ற பேச்சே கிடையாது.

பழைய பிரெஞ்சில் அது 'வெராய்' ஆனது. 1066-ல் நார்மண்டியின் வில்லியம் கடல் கடந்து இங்கிலாந்தைப் பிடிக்க, அரண்மனையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசத் தொடங்கின. 'வெர்டிக்ட்' அப்படி வந்த உறவுச்சொல்தான்: மெய்யாக உரைத்தது. தாய்வீட்டில் தங்கிய பிரெஞ்சு 'வ்ரே' இன்றும் உண்மையையே குறிக்கிறது. கடல் தாண்டியதுதான் மாறிப்போனது.

எப்படி? 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர், கான்டர்பரி கதைகளில் ஒரு வீரனை இந்தச் சொல்லைக் கொண்டே மெய்யான, குறையற்ற வீரன் என்று புகழ்கிறார். அதே தொடரை இன்று படிப்பவருக்கு 'மிகவும் குறையற்ற' என்றே படும். இரண்டு பெயரடைகள் அடுத்தடுத்து நின்றால், முன்னது பின்னதை அழுத்திச் சொல்வதாகக் காது எடுத்துக்கொள்ளும். அந்தச் சின்ன மயக்கத்தில்தான் ஒரு புது வினையடை பிறந்தது.

அதுவரை அந்த வேலையைப் பார்த்துவந்த நாட்டுச் சொல் 'ஸ்வீத்தே'. 'பலமாக' என்பது அதன் முதற்பொருள். பிறகு 'விரைவாக' என்று திரிந்து வழக்கொழிந்தது. 'ஃபுல்', 'ரைட்' இரண்டும் போட்டிக்கு நின்றன. தோற்ற 'ரைட்', 'ரைட் ஆனரபிள்' பட்டத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1611-ல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் இரு பொருளையும் ஒரே ஆகமத்தில் பார்க்கலாம். பார்வை மங்கிய தந்தை ஈசாக்கு, மூத்த மகன் ஏசாவாக வேடமிட்டு வந்த இளைய மகன் யாக்கோபைக் கிட்டே அழைத்து, மெய்யாகவே நீ ஏசாதானா என்று தடவிப் பார்க்க நினைக்கிறார். அங்கே 'வெரி' உண்மை. முதல் அதிகாரத்தில் கடவுள் தம் படைப்பைப் பார்க்கும்போது அது மிகவும் நன்றாக இருக்கிறது. அங்கே நம் நோட்டில் இருக்கும் அதே 'வெரி குட்'!

'வெரி' பழகிப்போனதும், 'ட்ரூலி', 'ரியலி' என்று உண்மையை அடகு வைக்கும் சொற்கள் அதே பாதையில் வந்தன. 'எழுத்துப்படி' என்று பொருள்படும் 'லிட்டரலி'யும் தப்பவில்லை. அது இந்தத் தலைமுறை கெடுத்த சொல் என்பவர்கள், 1876-ல் வந்த மார்க் ட்வெய்னின் டாம் சாயரைப் புரட்ட வேண்டும். வேலிக்கு வெள்ளையடிக்கும் வேலையைச் சகாக்களுக்கு விற்ற டாம், மாலைக்குள் 'லிட்டரலி' செல்வத்தில் புரள்கிறான். அந்தச் செல்வத்தில் 12 கோலிக்குண்டு, ஒற்றைக்கண் பூனைக்குட்டி, பித்தளைக் கதவுக்குமிழ், நாய் இல்லாத ஒரு நாய்க் கழுத்துப்பட்டை எல்லாம் அடக்கம்.