ஏலமும் ஏலமும்: போடி மலைச்சரிவில் நிழலின் கணக்கு

போடிநாயக்கனூரில் ‘ஏலம்’ என்று சொன்னால் எந்த ஏலம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒன்று மலையில் விளையும் செடி. மற்றது போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்த விற்பனை முறை. சரக்குக்கும் சந்தைக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயல்தான். சரக்கைப் பற்றிச் சந்தை சொல்வது மட்டுமே நம் காதில் விழுகிறது என்பது தற்செயல் அல்ல.

வேளாண்காடு, கலப்புப் பயிர் என்று இன்று பேசுகிறவர்கள் ஏலமலையை உதாரணம் காட்டுகிறார்கள். உயரத்தில் பலாவும் சந்தன வேம்பும், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி, இடையில் காப்பி, அடியில் ஏலம். இதை விவசாயியின் மரபறிவு என்று கொண்டாடுவதில் தவறில்லை. ஆனால் இந்த நிழல் அறிவினால் மட்டும் நின்றதல்ல. சர்க்காரின் வருவாய்க் கணக்கும் சேர்ந்து நிறுத்திவைத்தது.

19ஆம் நூற்றாண்டில் ஏலம் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிய தமிழ்க் குடியானவர்கள் விளைந்ததைச் சர்க்காரிடம் ஒப்படைத்து, அது தருவதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். நூற்றாண்டின் இறுதியில் ஏகபோகம் போய் நிலவரி வந்தது. 1897இல் ஏலமலைக் காப்புக்காடு அறிவிக்கப்பட்டது. (அறிவிப்பு 15,720 ஏக்கருக்கா, 2,15,720 ஏக்கருக்கா என்ற தகராறு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.) குத்தகை நிலத்தில் ஏலம் குடியானவனுக்கு, மரம் சர்க்காருக்கு. ஒரே நிலத்துக்கு ரெண்டு சொந்தக்காரர்கள்! வெட்ட உரிமையில்லாத மரத்தின் அடியில்தான் இந்தக் ‘கலப்பு’ உருவானது.

1942இல் பர்மா அரிசி நின்றபோது இதன் இன்னொரு முகம் தெரிந்தது. ஏலத்தோட்டத்துக்கு அரிசி கீழேயிருந்து ஏறணும். ஏலக்காய் கீழே இறங்கணும். அரிசி ஏறாதபோது திருவிதாங்கூர் அரசே உணவு உற்பத்திக்காகக் காட்டைக் குத்தகைக்கு விட்டது. மரம் நின்ற இடங்களில் மரவள்ளி வந்தது. காட்டைக் காத்த சட்டமும் காட்டைத் திறந்த சட்டமும் ஒரே அரசின் கையெழுத்துதான். 1956 மாநிலப் பிரிவினைக்குப் பிறகு தோட்டம் கேரளத்தில், போடியின் வணிகமும் கூலியாட்களும் தமிழ்நாட்டில் என்று ஆயிற்று.

அப்புறம் குவாத்தமாலா வந்தது. அரபு நாட்டுச் சந்தையை அது கைப்பற்றியதும் இங்கே ஒரே வழிதான் தெரிந்தது: விளைச்சலைக் கூட்டு. இடுக்கி விவசாயி ஒருவர் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ‘ஞள்ளானி’ ரகம் பழைய ரகங்களைப் போல் பல மடங்கு காய்த்தது. ஆனால் அதற்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். நிழல் மரங்கள் கடுமையாகக் கவாத்து செய்யப்பட்டன. பாசனமும் மருந்தடிப்பும் ஏறின. வெள்ளத்தில் விளைச்சல் சரிந்த பின், 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போயிற்று. அந்த விலையில் மிளகையும் பலாவையும் யார் எண்ணுவார்கள்? ரெண்டே வருஷத்தில் விலை ஆயிரத்தைச் சுற்றி விழுந்தபோதுதான் பக்கப் பயிரின் அருமை தெரிந்தது.

போடியிலும் புற்றடியிலும் ஏலம் இப்போது மின்னணுத் திரையில் நடக்கிறது. காயின் பருமனும் பச்சை நிறமும் விலையாகின்றன. அது எத்தனை மரத்து நிழலில் விளைந்தது என்பது திரையில் வராது. பறித்த கையும் வராது.

விடியுமுன் போடி, தேவாரம், கோம்பைப் பக்கத்துப் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறுகிறார்கள். ஏலக்காய்ப் பறிப்பு பெரும்பாலும் ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி வரை. குளிர்காலத்தில் காப்பி, அதையொட்டி மிளகு. தோட்டக்காரருக்குக் கலப்புப் பயிர் என்பது விலை வீழ்ச்சிக்கு எதிரான காப்பு. இவர்களுக்கோ அது வருஷத்தில் எத்தனை நாள் வேலை என்ற கணக்கு. எதை நடுவது, எதைப் பிடுங்குவது என்று தீர்மானிக்கும் இடத்தில் இவர்கள் இல்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் எல்லை அடைபட்டபோது முதலில் நின்றுபோனதும் இவர்கள் கூலிதான்.

நிழலுக்கும் விலை வைக்கணும் என்ற கோரிக்கை இன்று எழுகிறது. நியாயம்தான். வைத்தால் அந்தக் காசு யாருக்கு? மரத்துக்குச் சொந்தக்காரரான சர்க்காருக்கா, நிலத்தை வைத்திருப்பவருக்கா, அந்த நிழலில் குனிந்து களையெடுத்துக் காய் பறிக்கிற பெண்ணுக்கா? ஏகபோகக் காலத்திலிருந்து தள்ளிப்போடப்பட்ட கேள்வி இது. இதைக் கேட்காமல் கலப்புப் பயிரைப் புகழ்வது, ஏலக்கூடத்தில் உட்கார்ந்து காயின் பச்சையை மட்டும் பார்ப்பதற்குச் சமம்.